மதுர தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழால ஸ்டால் போடுற பதிப்பாளர்களுக்கும் சரித்திரக் கதை எழுதுறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

சுத்தி வளைக்காம மொதல்லயே கேட்டுடுறேன். 12 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் இருக்குற புள்ளைகளுக்காக ராணிகளோட சின்ன வயசுக் கதைய நாவலா போடுங்க. ராணி ஆனதுக்கு அப்புறம் நடந்த கதை வேணாம், அது அங்கிட்டு இங்கிட்டு நெறைய கெடக்கு. ஆகுறதுக்கு முன்னாடி, அரமனைக்குள்ள பொத்திப் பொத்தி வளத்தாங்களே, வெளிய விடாம, யாரு கூடயும் தனியா பேச விடாம, அந்த வருசங்களப் பத்தின கதை வேணும்.

நான் மதுரைல ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல லைப்ரரி பாத்துக்குறேன். லைப்ரரினா பெருசா நெனச்சுக்காதீங்க, நாலு பீரோ, ரெண்டு பெஞ்ச், ஒரு ஃபேன். இங்கிலீஷ் ஓரளவு வாசிக்கிற ஒம்பதாம் கிளாஸ் பொண்ணு ஒன்னு, விக்டோரியா மகாராணியோட சின்ன வயச வச்சு எழுதுன ஒரு டீன்ஏஜ் நாவல எங்கயோ இருந்து புடிச்சு ஒரே மூச்சுல முடிச்சிட்டு வந்து நின்னுச்சு. நின்னுக்கிட்டு "மிஸ், இதே மாதிரி நம்மூர் ராணி பத்தி தமிழ்ல குடுங்க"ன்னுச்சு. நானும் பீரோவ கொடஞ்சேன். ராணி மங்கம்மாள் பத்தி பெரியவங்களுக்கு எழுதுன நாவல் இருந்துச்சு, வேலு நாச்சியார் பத்தி மெல்லிசா ஒரு வாழ்க்கை வரலாறு இருந்துச்சு, பொறந்த தேதி, அப்பா பேரு, அம்மா பேரு, கத்த வித்தைகள், போர், மறைவு, முடிஞ்சது. ரெண்டையும் வாங்கிப் பொரட்டிப் பாத்துட்டு "இதுல அவங்க சின்னப் பொண்ணா இருக்குறது ரெண்டு பக்கம்தான மிஸ் இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துருச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல, அதான் உங்களுக்கு எழுதுறேன்.

அந்த விக்டோரியா கதைல அப்டி என்ன இருக்குனு நீங்க கேக்கலாம். கதைய நாவல்ல இருந்து சொல்லல, நடந்தத சொல்றேன், நடந்ததே போதும். 1819 மே 24ல பொறந்த புள்ள, எட்டு மாசத்துல அப்பா போயிட்டாரு. அம்மா ஜெர்மன்காரங்க, ஊர் புதுசு, கடன் வேற. அந்த வீட்டு நிர்வாகத்த கைல எடுத்தவரு சர் ஜான் கான்ராய்னு ஒரு ஆளு. பெரியப்பன்மாருக்கு வாரிசு நிக்கல, அதனால இந்தப் புள்ளதான் அடுத்த ராணினு ஆகப்போகுதுனு அவருக்கு முன்னாடியே வெளங்கிருச்சு. புள்ளைக்கு 18 ஆகுறதுக்குள்ள ராஜா செத்துட்டா அம்மாதான் ஆட்சிப் பொறுப்பு பாக்கணும், அம்மா பாத்தா கான்ராய் பாத்த மாதிரி. அதுக்காக ரெண்டு பேரும் சேந்து கென்சிங்டன் அரமனைல ஒரு சட்டதிட்டமே போட்டாங்க, வரலாத்துல அதுக்கு கென்சிங்டன் சிஸ்டம்னே பேரு. புள்ள தனியா படுக்கக் கூடாது, அம்மா ரூம்லதான் தூங்கணும், ராணி ஆகுற நாள் வரைக்கும் அப்டித்தான். படி எறங்குறதா இருந்தா யாராச்சும் கையப் புடிச்சுக்கணும். யாரு வந்தாலும் கூட ஒரு பெரிய ஆளு நிக்கணும். வெளையாடுறதுக்கு யாருன்னா, அந்த கான்ராயோட மகளே. கூட இருந்த அக்கா, அம்மாவோட மொத கல்யாணத்துப் பொண்ணு ஃபியோடோரா, 1828ல கல்யாணமாகி ஜெர்மனி போயிட்டாங்க, பல வருசம் கழிச்சு அந்த அக்காவே தங்கச்சிக்கு எழுதுறாங்க, நான் கல்யாணம் பண்ணி சில வருச ஜெயில்ல இருந்து தப்பிச்சேன், நீதான் பாவம் அத அனுபவிச்சனு.

மிச்சம் யாரு இருக்கா? லேசென்னு ஒரு டீச்சரம்மா. டேஷ்னு ஒரு நாய். அப்புறம் பொம்மைங்க, 132 மரப்பொம்மை, டீச்சரும் புள்ளயும் சேந்து சட்டை தச்சுப் போட்டு ஒவ்வொன்னுக்கும் பேரு வச்சு லிஸ்ட் போட்டு வச்சிருந்தாங்க. தினம் எப்டி நடந்துக்கிட்டனு எழுதுறதுக்கு ஒரு நோட்டு, அதுல 1832ல ஒரு நாள் அந்தப் புள்ள தானே எழுதுது, இன்னைக்கு ரொம்ப ரொம்ப ரொம்ப ரொம்ப மோசமா சேட்டை பண்ணேன்னு, கீழ கோடு வேற. அதே வருசம் அம்மா ஒரு டைரி வாங்கிக் குடுக்குறாங்க, குடுத்துட்டு அவங்களே அத வாசிக்கிறாங்க. இந்த இடத்த நான் கிளாஸ்ல சொன்னப்ப பின்னாடி பெஞ்ச்ல ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க. "மிஸ் எங்க அம்மாவும் என் ஃபோன தெனம் பாக்குறாங்க மிஸ்." அப்புறம் அந்தப் பீரியட் முழுக்க அதுதான். இருநூறு வருசத்துக்கு முந்தி லண்டன்ல ஒரு புள்ள, அம்மா படிப்பாங்கனு தெரிஞ்சே டைரில என்ன எழுதியிருக்கும், என்னத்த எழுதாம விட்டிருக்கும், அத எப்டி கண்டுபுடிக்கிறதுனு எங்க ஒம்பதாம் கிளாஸ் மணி அடிக்கிற வரைக்கும் விவாதம் பண்ணுச்சு. வரலாறு பாடத்துக்கு இப்டி நடந்து நான் பாத்ததில்ல.

இன்னொரு எடம். அதே 1832ல கான்ராய் அந்தப் புள்ளய ஊர் ஊரா கூட்டிட்டுப் போறாரு, ஜனங்களுக்கு முகம் காட்டுறதுக்கு. வண்டி நிலக்கரிச் சுரங்கம் இருக்குற பக்கம் போகுது. 13 வயசுப் புள்ள ஜன்னல் வழியா பாத்துட்டு டைரில எழுதுது, ஆம்பள பொம்பள புள்ளைக வீடு ஊரு எல்லாமே கருப்பா இருக்குனு. அவ்ளோதான் எழுதுது. எறங்க விடல, பேச விடல. பொத்தி வளத்த புள்ளைக்கு உலகம் அம்புட்டுதான் கண்ணுல படும், ஒரு வண்டி ஜன்னல் அளவுக்கு. நல்ல எழுத்தாளர் கைல இது ஒரு முழு அத்தியாயம்ங்க.

உச்சம் எதுனா முடிசூட்டு விழா இல்ல. 1835ல ராம்ஸ்கேட்னு கடலோர ஊர்ல புள்ள காய்ச்சல்ல படுத்த படுக்கையா கெடக்குது, 16 வயசு, எந்திரிக்க முடியல, அந்த நேரம் பாத்து கான்ராய் ஒரு பேப்பரும் பேனாவும் கொண்டு வந்து நீட்டுறாரு, நீ ராணி ஆனதும் நான்தான் உன் அந்தரங்கச் செயலாளர்னு கையெழுத்துப் போடுன்னு. அம்மாவும் அந்தப் பக்கம்தான் நிக்கிறாங்க. புள்ள போடல. கத்தல, வாளெடுக்கல, ஓடல, கையெழுத்துப் போடல, அவ்ளோதான். இத விட பெரிய வீரம் ஒரு டீன்ஏஜ் புள்ளைக்கு என்ன காட்ட முடியும் சொல்லுங்க. நம்ம சரித்திர நாவல்ல வீரம்னாலே குதிர மேல ஏறித்தான் ஆகணும்னு இருக்கு.

அப்புறம் அந்தக் கிழட்டு ராஜா நாலாம் வில்லியம், அவருக்கு இந்த அம்மாவக் கண்டாலே ஆகாது. 1836ல தன்னோட பொறந்தநாள் விருந்துல அத்தன பேரு முன்னாடி, அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே, இந்தப் பொண்ணுக்கு 18 ஆகுற வரைக்கும் நான் உசுரோட இருக்கணும், இவங்க கைக்கு ஆட்சி போகக் கூடாதுங்குறாரு. புள்ள அழுதுருச்சு. சொன்ன மாதிரியே இருந்துட்டுத்தான் போனாரு மனுசன். 1837 மே 24ல 18 முடியுது, ஜூன் 20ல அவரு காலமாயிட்டாரு. காலைல ஆறு மணிக்கு எழுப்பி சேதி வந்திருக்குங்குறாங்க, புள்ள நைட்டில மேல ஒரு அங்கிய மாட்டிக்கிட்டு தனியா போய் கேக்குது. அன்னைக்கு டைரில 'தனியா' 'தனியா'ன்னு திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அன்னைக்கே கட்டில அம்மா ரூம்ல இருந்து வெளிய எடுத்துட்டாங்க. முடிவு எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், இவங்க ராணி ஆவாங்கனு அட்டையிலயே போட்டிருக்கு, ஆனா அந்தக் கட்டில் எப்ப நகரும்னு நம்ம புள்ளைக நகத்தக் கடிச்சிக்கிட்டுல்ல வாசிக்குதுக. டெக்னிக் அதுதான், சாமி. முடிவு தெரிஞ்சாலும் வாசிக்க வைக்கிறது.

இதுக்காக விக்டோரியாவ தூக்கி வச்சு ஆடுறேன்னு யாரும் கெளம்பிடாதீங்க. மதுர ரயில்வே ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா ஒரு பக்கம் மங்கம்மா சத்திரம், மேலவெளி வீதில விக்டோரியா எட்வர்டு மன்றம், ரெண்டு ராணியும் கூப்பிடு தூரத்துலதான் இருக்காங்க. ரெண்டு பேரும் இந்த ஊருக்கு என்ன பண்ணாங்கனு புள்ளைக கேக்கத்தான் செய்யும். 1877 ஜனவரி 1ல டெல்லில தர்பார் வச்சு இந்தம்மாவ இந்தியாவோட சக்ரவர்த்தினினு அறிவிச்சப்ப, இங்க சென்னை மாகாணம் முழுக்க தாது வருசப் பஞ்சத்துல ஜனங்க கஞ்சிக்கு வரிசைல நின்னு செத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பாவப்பட்ட கென்சிங்டன் புள்ளயும் இந்தச் சக்ரவர்த்தினியும் ஒரே ஆளுதான்னு சொன்னா எங்க புள்ளைக கொழம்புறாங்க, கொழம்பட்டும், கொழம்பறதுக்குத்தான கதை. நிலக்கரி ஊர வண்டி ஜன்னல்ல பாத்த பொண்ணு பஞ்சத்த எந்த ஜன்னல்ல பாத்துச்சுனு ஒரு பொண்ணு என்கிட்ட கேட்டுச்சு. இதையெல்லாம் தமிழ்ல எழுதுனா இந்த ரெண்டாவது பாதியையும் சேத்து எழுத முடியும், லண்டன்காரங்களுக்கு அது அவ்வளவு உறுத்தாது, நமக்கு உறுத்தும்.

சரி, நம்ம ராணிகளுக்கு வருவோம். நீங்க வருசா வருசம் ஸ்டால் போடுற அதே தமுக்கம், மங்கம்மாவோட கோடை அரமனைனு ஊரே சொல்ற அந்தக் கட்டடம், இப்ப காந்தி மியூசியம். அந்த அரமனை வாசல்ல உக்காந்துதான் புக்கு விக்கிறீங்க. அதுனால மொத உரிமை அவங்களுக்குத்தான்.

மங்கம்மா, மதுரைய ஆண்ட சொக்கநாத நாயக்கரோட சம்சாரம், அவரோட தளபதி லிங்கம நாயக்கர் மக. நாயக்கர் அரமனைல உள்ள பேச்சு தெலுங்கு, வெளிய தமிழ், சொக்கநாதர் தலைநகரத்த திருச்சிக்கு மாத்துனதுனால ஒரு காலு அங்க ஒரு காலு இங்க. இம்புட்டு போதாதா ஒரு பொண்ணு வளந்த சூழல கட்டுறதுக்கு? மதுரைல இன்னைக்கும் வீட்டுல தெலுங்கு பேசி ஸ்கூல்ல தமிழ் பேசுற புள்ளைக எத்தன, வீட்டுல சௌராஷ்ட்ரம் பேசுற புள்ளைக எத்தன. மஹாலச் சுத்தி இருக்குற தெருக்கள்ல நாயக்கர் காலத்துல இருந்து தறி போட்ட குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி அந்தப்புரத்துக்குப் பட்டு கொண்டு வர்றாள்னு ஒரு தோழிய நீங்க கற்பனை பண்ணிக்கலாமே, யாரு கேக்கப் போறா.

அப்புறம் சொக்கநாதருக்குப் பொண்ணு கேட்ட கதை. தஞ்சாவூர் விஜயராகவ நாயக்கர் மகளக் கேட்டாரு, அவரு குடுக்க மாட்டேன்னாரு, 1673ல படை போச்சு. தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் அந்தப்புரத்த வெடி வச்சுத் தகர்த்துருங்கனு சொல்லிட்டு கிழவர் போர்க்களத்துக்குப் போயி செத்துட்டாரு. வெடிச்ச அந்தப்புரத்துக்குள்ளதான் கேட்ட பொண்ணும் இருந்திருக்கும். நம்ம சரித்திரப் புத்தகம் எல்லாம் இதுல பெரியவர் மானத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதும், சொக்கநாதர் கோவத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதும், அந்தப் பொண்ண யாரும் ஒரு வார்த்த கேட்டதா இல்ல. ஜன்னல் கூட இல்லாத அறைல உக்காந்துக்கிட்டு வெளிய தன்னால ஒரு போர் நடக்குதுனு தாதிமாருங்க பேச்ச வச்சே புரிஞ்சுக்கிற ஒரு 15 வயசுப் புள்ளய எழுதுங்க. அத எழுதுறதுக்குத் தைரியம் வேணும், ஒத்துக்கிறேன்.

இதுக்கு அடுத்தது சின்ன முத்தம்மாள். மங்கம்மாவோட மருமக. புருசன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இருபதுகள்லயே 1689ல அம்மை கண்டு போயிட்டாரு, இவங்க அப்ப மாசமா இருக்காங்க. உடன்கட்டை ஏறுறேன்னு நின்னாங்க, மாமியார் புள்ள பொறக்கட்டும்னு தடுத்து நிறுத்துனாங்க. புள்ள பொறந்துச்சு, கொஞ்ச நாள்ல அந்தப் பொண்ணு உசுர விட்டுருச்சு. கைக்குழந்தைக்குப் பட்டம் கட்டி பாட்டி ஆட்சி பண்ணாங்க. மங்கம்மா பேர்ல சாலை இருக்கு சத்திரம் இருக்கு, பொற்றாமரைக் கொளத்துப் பக்கம் ஊஞ்சல் மண்டபத்துல ஓவியம் இருக்கு, இந்த மருமகளுக்கு ஒன்னும் கெடையாது.

இங்கதான் ஒரு விசயம் எனக்கு விட்டுப் போகவே மாட்டேங்குது. கென்சிங்டன்ல அம்மாவும் கான்ராயும் ஏங்குனது எதுக்கு, புள்ள பேரச் சொல்லி ஆட்சி பண்றதுக்கு. அது அவங்களுக்குக் கெடைக்கல, நூலிழைல தப்பிருச்சு. மதுர நாட்டுல மங்கம்மாவுக்கு அது கெடைச்சுது, பதினஞ்சு வருசத்துக்குப் பக்கம், அத அவங்க நல்லாவே பண்ணாங்க. ஆனா அந்த அரமனைக்குள்ள வளந்த பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்கு அது எப்டி இருந்திருக்கும்? அப்பாவும் இல்ல அம்மாவும் இல்ல, பட்டம் தன் பேர்ல, ஆட்சி பாட்டி கைல, சுத்தி இருக்குறவன்லாம் காதுல ஓதுறான். கடைசில பாட்டிய அடைச்சு வச்சு, கண்ணுக்குத் தெரியுற தூரத்துல சாப்பாட்ட வச்சு, கைக்கு எட்டாமப் பண்ணிப் பட்டினி போட்டாங்கனு ஊர்ல ஒரு கதை உண்டு. நடந்துச்சா இல்லையானு சண்டை போடுறத ஆராய்ச்சிக்காரங்க கிட்ட விடுங்க. ஒரே வீட்டுக்குள்ள பாட்டி கண்ணு வழியா ஒரு அத்தியாயம் பேரன் கண்ணு வழியா ஒரு அத்தியாயம்னு மாறி மாறி எழுதுனா, பொத்தி வளக்குறது எப்ப பாசம் எப்ப அதிகாரம்னு புள்ளைகளே முடிவு பண்ணிக்குவாங்க. ஒரு வேண்டுகோள், மங்கம்மாவ அமைச்சரோட சேத்து வச்சுப் பேசுன கிசுகிசுவ மட்டும் கதைக்குக் கருவாக்கிடாதீங்க. விக்டோரியா அம்மாவையும் கான்ராயையும் அப்டித்தான் லண்டன்ல பேசுனாங்க. ஒரு விதவை ஆட்சி பண்ணா எந்த ஊர்லயும் வாய் இப்டித்தான் போகும். அந்தக் கிசுகிசு அரமனைக்குள்ள வளர்ற ஒரு புள்ள காதுல விழுந்தா என்ன ஆகும்னு வேணா எழுதுங்க, அது வேற.

வேலு நாச்சியார் பத்தி நான் அதிகம் சொல்ல மாட்டேன், எல்லா ஸ்கூல் ஆண்டுவிழாலயும் அட்டக்கத்தி வச்சுக்கிட்டு வந்துடுறாங்க. 1730ல ராமநாதபுரத்துல பொறந்து, ஒத்தப் புள்ளயா ஆம்பளப் புள்ள மாதிரி வித்தையெல்லாம் கத்து, 16 வயசுல 1746ல சிவகங்கைக்கு வாக்கப்பட்டாங்க. ஆனா எனக்கு அவங்கள விட அவங்க மக வெள்ளச்சி மேலதான் கண்ணு. 1772ல காளையார்கோவில்ல அப்பா முத்துவடுகநாதர் கிழக்கிந்தியக் கும்பினி படையால செத்துப் போறாரு, அம்மா புள்ளயத் தூக்கிக்கிட்டு மருது சகோதரர்கள் காவலோட விருப்பாட்சிக்குத் தப்பிச்சுப் போறாங்க. ஒட்டன்சத்திரம் பக்கம், வாழைப்பழத்துக்குப் பேரு போன அதே விருப்பாட்சிதான். அங்க கோபால் நாயக்கர் பாதுகாப்புல எட்டு வருசம். 1780ல சிவகங்கைச் சீமைய மீட்டு வர்ற வரைக்கும் இந்தப் புள்ள அங்கதான் வளருது. எட்டு வருசம்ங்க. அம்மா ஒரு நாள் ஹைதர் அலியப் பாக்கப் போறாங்க, ஒரு நாள் படை தெரட்டப் போறாங்க, இது உள்ள இருக்கணும், பேரச் சொல்லக் கூடாது, வெளிய தெரியக் கூடாது, யாரு உளவாளினு தெரியாது. சீமைய இழந்த ராணியோட மக, அடுத்து தான்தான் ராணினு காதுல ஓதி ஓதி வளத்த புள்ள, அந்தச் சீமைய நெனவுலயாச்சும் வச்சிருக்குமா? பயந்துருக்குமா, போரடிச்சிருக்குமா, அம்மா மேல கோவம் வந்துருக்குமா? வாளெடுத்த அம்மாவுக்கு செலையும் தபால்தலையும் வந்தாச்சு, உள்ள உக்காந்து காத்துக் கெடந்த மகளுக்கு ஒரு நாவலாச்சும் போடுங்கய்யா.

அதெல்லாம் இருக்கட்டும், மீனாட்சியவே எடுத்துக்கங்களேன். மதுரைல ராணினா மொத அவதான, பாண்டியன் மக தடாதகை. திருமலை நாயக்கர் சபைல குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேத்துனப்ப அம்மனே சின்னப் புள்ளயா வந்து ராஜா மடில உக்காந்து கேட்டு முத்துமால போட்டானு ஊர்க்கதை. காப்புல ஆரம்பிச்சு செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, அம்மானை, நீராடல், ஊசல்னு பத்துப் பருவம். புள்ள தவழ்றது, கை தட்டுறது, நெலாவக் கூப்புடுறது, ஊஞ்சல் ஆடுறது எல்லாம் அதுல இருக்கு. அதுக்கப்புறம் எங்க பாக்குறோம் அவள? சித்திரத் திருவிழால எட்டாம் நாள் பட்டாபிசேகம், அடுத்த நாள் திக்விஜயம், அதுக்கடுத்த நாள் திருக்கல்யாணம். ஊஞ்சல்ல இருந்து எறங்குனவ நேரா செங்கோல வாங்கிடுறா. நடுவுல இருக்குற வயச, எங்க ஒம்பதாம் கிளாஸ் வயச, கலையெல்லாம் கத்தா ஆயுதம் கத்தானு சட்டுனு தாண்டி விட்டுட்டாங்க. ஒடம்புல மத்தப் பொண்ணுங்களுக்கு இல்லாத ஒன்னோட பொறந்து, ஆம்பளப் புள்ளைக்குச் செய்ற சடங்கெல்லாம் தனக்குச் செஞ்சு வளந்த ஒரு பொண்ணுக்கு 13 வயசுல மனசுல என்ன ஓடியிருக்கும்? சாமிக் கதைல கை வச்சா வம்புனு பயப்படுவீங்க, தெரியும். பக்தியோட எழுதலாம், பயந்துக்கிட்டு எழுத வேணாம், பிள்ளைத்தமிழ் எழுதுனவங்களே அம்மன கொழந்தையாக்கித்தான கொஞ்சுனாங்க.

வம்புனு சொன்னதும் ஞாபகம் வருது. இன்னொரு வம்பையும் நேராப் பேசிருவோம். நம்மூர்ல ஒவ்வொரு ராணிக்கும் ஒரு சாதிக் கொடி கட்டி வச்சாச்சு. ஜெயந்தி வந்தா ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ்ல மீசைக்காரங்க படம், நடுவுல ராணி. இதுனாலதான் பல எழுத்தாளருங்க பக்கத்துலயே போறதில்லனு ஒருத்தர் என்கிட்டயே சொன்னாரு. எழுதுறவங்களோ புகழ்ந்து மட்டும் எழுதுறாங்க, சின்ன வயசுல கூட ஒரு பொய் சொல்லாத, ஒரு நாள் கூட அழுகாத, பொறந்ததுல இருந்தே வீரமான ஒரு செலைய. ரொம்ப ரொம்ப மோசமா சேட்டை பண்ணேன்னு எழுதுற ஒரு ராணிய நம்ம புள்ளைகளுக்குக் காட்டுனா யாரு கொடி எறங்கிடப் போகுதுன்னு எனக்கு வெளங்கல.

எழுதுறவங்களுக்கு இன்னும் கொஞ்சம். புள்ளைகள "வாரும் தோழி, செப்பும்"னு பேச வைக்காதீங்க, ரெண்டாவது பக்கத்துல மூடிருவாங்க. அதுக்காக "ஹாய்"னும் வேணாம். கன்னம், இடை, கொடினு வர்ணிக்கிற பழக்கம் இருக்கே, பத்திரிகைத் தொடர்கதை காலத்துல இருந்து வர்றது, தயவு செஞ்சு 13 வயசுப் பொண்ணு மேல அதக் காட்டாதீங்க, வாசிக்கிறதும் 13 வயசுப் பொண்ணுதான். காதல் இருக்கலாம், ஆனா கதை அதுக்காகத்தான்னு ஆக்காதீங்க. தினப்படி விசயத்த எழுதுங்க, என்ன சாப்பிட்டா, யாரு தல பின்னிவிட்டது, தீட்டு நாள்ல எங்க உக்கார வச்சாங்க, எழுதக் கத்துக்குடுத்தது யாரு, எந்தக் கதவு வரைக்கும் நடக்கலாம். பாக்கணும்னா திருச்சில மங்கம்மா தர்பார் மண்டபம் இருக்கு, இப்ப மியூசியம். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்குப் போனா சேதுபதி காலத்துச் சுவர் ஓவியத்துல அரமனைப் பொண்ணுங்க உடுப்பு, நகை, உக்காந்திருக்குற விதம் எல்லாம் இருக்கு. அந்தக் காலத்துல மதுர மிஷன் பாதிரிமாருங்க எழுதுன கடுதாசிங்க இருக்கு, அவங்க சாஞ்சுதான் எழுதுவாங்க, ஆனாலும் கண்ணால பாத்த விவரம் அதுல கெடைக்கும். எழுதி முடிச்சப்புறம் கடைசில ரெண்டு பக்கம், இது நடந்தது, இது ஊர்க்கதை, இது நான் சேத்ததுனு பிரிச்சுச் சொல்லிருங்க. புள்ளைக அந்தப் பக்கத்ததான் மொத வாசிக்கிறாங்க, நம்புங்க.

பதிப்பாளர்களே, உங்க பதில் எனக்குத் தெரியும். டீன்ஏஜுக்கு தமிழ்ல மார்க்கெட் இல்ல மேடம். ஒரு ஸ்டால்ல கேட்டப்ப இதே பதில்தான், சொல்லிக்கிட்டே ஒரு படக்கதையும் ஒரு ஐஏஎஸ் கைடும் எடுத்து நீட்டுனாரு. அதுக்கு நடுவுல ஒரு வயசே இல்லைங்குற மாதிரி. ஸ்கூல் பஸ்ல வந்து எறங்குற புள்ளைக கைல நூறு ரூவா வச்சிருக்கு, என்ன வாங்குறதுனு தெரியாம விடுகதை புக்கும் கோலப் புக்கும் வாங்கிட்டுப் போகுது. மார்க்கெட் பஸ்ல வந்து எறங்குதுங்க, அதுக்குக் குடுக்க உங்ககிட்ட சரக்கு இல்ல. 800 பக்கம் ரெண்டு பாகம் கெட்டி அட்டைலாம் வேணாம், 200 பக்கத்துக்குள்ள, எழுத்து கொஞ்சம் பெருசா, நூத்தி அம்பது ரூவாய்க்குள்ள போடுங்க. அட்டைல சினிமா நடிகை சாயல்ல செக்கச்செவேல்னு வாளோட ஒரு பொம்பள நிக்க வேணாம்.

நூலகத் துறைக்காரங்க யாராச்சும் இத வாசிச்சா உங்களுக்கும் ஒரு வார்த்த. 2023ல புது நத்தம் ரோட்ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் தொறந்ததுல இருந்து எங்க புள்ளைக ஞாயித்துக்கெழம அங்க போகணும்னு வீட்டுல அடம் புடிக்கிதுக, ரொம்ப சந்தோசம். குழந்தைகள் பகுதிக்குப் போனா இவங்களுக்குக் கூச்சம், பெரியவங்க அலமாரிக்குப் போனா தல சுத்துது. இந்த வயசுக்குனு தமிழ்ல தனியா ஒரு அலமாரி ஒதுக்குங்க, அத நெரப்புற மாதிரி புக்கு வாங்குறோம்னு நூலக ஆணைல ஒரு வரி போடுங்க, அப்புறம் பாருங்க எத்தன பதிப்பாளர் மார்க்கெட் இல்லனு சொல்றாங்கனு.

எழுதுனவங்க கைப்பிரதிய அச்சுக்கு முன்னாடி எங்களுக்கு அனுப்பலாம். எங்க புள்ளைக காசு வாங்காம வாசிச்சு, எந்தப் பக்கத்துல கொட்டாவி வந்துச்சு, எந்த இடத்துல ராணி பெரியவங்க மாதிரி பேசுதுனு மார்ஜின்ல எழுதித் தருவாங்க, முகத்துக்காகலாம் பேச மாட்டாங்க, அதுக்குத் தயாரா இருந்தா மட்டும் அனுப்புங்க. ஜூன் ஜூலைல அனுப்புனா நல்லது, காலாண்டு பரிட்ச வந்துட்டா நானே புக்கு குடுக்க முடியாது, பத்தாம் கிளாஸ் புள்ளைகளுக்கு அனுப்பாதீங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் என்னயத் திட்டுவாங்க.

இப்படிக்கு,
மதுரைல ஒரு ஸ்கூல் லைப்ரரி டீச்சர்